முதல் பிள்ளை பெற்ற அதே ஐவிஎஃப் மையம், இரண்டாவது சுற்றுக்கு எப்படி?

கோலாலம்பூரில் உள்ள கருத்தரிப்பு மையங்களைப் பற்றி நான் படித்ததெல்லாம் முதல் முறை போகிறவர்கள் எழுதியதுதான். ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முதல் சுற்றில் உடலுக்கு வெளியே உருவாக்கி, மிச்சமானதென்று உறைய வைத்த கருவுக்காகத் திரும்பிப் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயங்கள் வேறு. கீழே குறையும் சொல்லப் போவதால் மையத்தின் பெயரைப் போடவில்லை.

டாக்டருக்கு முழு மதிப்பெண். கோப்புதான் ஏற்கெனவே இருக்கிறதே என்று நேராகத் தேதி குறிக்காமல், முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்குச் சிசேரியன். தழும்பு உள்ளே எப்படி ஆறியிருக்கிறது, அங்கே குழி விழுந்து நீர் ஏதும் தேங்குகிறதா என்று உள்வழி ஸ்கேனில் பொறுமையாகப் பார்த்தார். தேங்கினால் அது கருப்பைக்குள் வழிந்து, கரு ஒட்டிக்கொள்வதைக் கெடுக்கலாமாம். தைராய்டு, சர்க்கரை, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) எல்லாவற்றுக்கும் மறுபடி இரத்தம் எடுத்தார்கள். ஃபோலிக் அமிலம் நாளைக்கு 400 மைக்ரோகிராம், இப்போதிருந்தே. பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே 24 மாதமாவது இருக்கட்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதையும், சிசேரியன் ஆனவர்கள் ஏன் அவசரப்படக் கூடாது என்பதையும் கேட்காமலேயே விளக்கினார்.

தாய்ப்பால்தான் கொஞ்சம் வலித்தது. இரவில் ஒரு தடவை மட்டும்தான் கொடுக்கிறேன் என்றேன், அதையும் நிறுத்திவிட்டு வரச் சொன்னார். பால் கொடுக்கும்வரை புரோலாக்டின் கூடுதலாக இருந்து மாதச் சுழற்சியைக் குழப்பும், போடப்போகும் ஹார்மோன் மருந்தும் இருக்கிறது. காரணம் நியாயம்தான், ஆனால் இரவு இரண்டு மணிக்கு அழுகிற பிள்ளைக்கு அது புரியுமா? "மெதுவா நிறுத்துங்கம்மா, கரு எங்கயும் ஓடிடாது" என்றார் டாக்டர். அவர் சொன்னது சரிதான். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கும் கருவுக்கு வயது ஏறுவதில்லை, கருமுட்டை எடுத்த அன்று எனக்கு என்ன வயதோ அதுதான் அதன் கணக்கு. 35ஐத் தாண்டிவிட்டேனே என்ற என் பயம் இதைக் கேட்டதும் பாதி இறங்கியது. மீதி பாதி கர்ப்பத்தில் வரக்கூடிய பிரஷர், சர்க்கரை பற்றியது, அது உடம்பின் வயதைப் பொறுத்தது, அதற்கு யாரும் சமாதானம் சொல்ல முடியாது.

தமிழ் பேசும் ஒரு தாதி இருக்கிறார், அவர் கிடைத்தால் விடாதீர்கள். மாதவிலக்கு வந்த இரண்டு மூன்று நாளில் எஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாத்திரை தொடங்கும், பத்து பன்னிரண்டு நாளில் ஸ்கேன், கருப்பை உள்சுவர் 7 மில்லிமீட்டராவது தடித்திருந்தால் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன், அதற்கு அப்புறம் ஐந்து நாள் வளர்ந்த கருவை உள்ளே வைப்பார்கள் என்று என் கணவருக்கும் புரிகிற மாதிரி எழுதிக் கொடுத்தார்.

இனி கவுண்டர். காத்திருக்கும் இடத்தில் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. அந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன், ஒரு காலத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் கைக்குழந்தையைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தவள்தான் நானும். ஆனால் அதைப் போனில் சொல்லியிருக்கலாமே! வாசலில் வைத்துச் சொன்னார்கள், கணவர் பிள்ளையோடு கீழே போய்விட்டார், டாக்டர் பேசியதில் பாதியை அவர் கேட்கவே இல்லை. ஸ்கேன் நேரம் எல்லாம் காலையில்தான், அதையும் முந்தின நாள் மாலைதான் உறுதி செய்கிறார்கள். பக்கத்தில் அம்மாவோ மாமியாரோ இல்லாதவர்கள் தாஸ்காவில் (குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில்) முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "உங்களுக்குத்தான் ஒண்ணு இருக்கே, ஏன் கவலைப்படுறீங்க" என்று ஒரு ஊழியர் வேறு ஆறுதல் சொன்னார். இதைச் சொந்தக்காரர்களே போதுமான அளவு சொல்கிறார்கள், காசு கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை.

விலைப்பட்டியலை நன்றாகப் படியுங்கள். எங்களுக்குக் கொடுத்த மொத்தத் தொகையில் மருந்தும் கருவை உருக்கும் கட்டணமும் சேரவில்லை, கேட்ட பிறகுதான் சொன்னார்கள். கருவைப் பாதுகாக்கும் ஆண்டுக் கட்டணமும் தனி. ரசீது ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள், தம்பதியரின் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு 2020 முதல் வருமான வரிச் சலுகை உண்டு, கடும் நோய்ச் செலவு போன்றவற்றோடு சேர்த்து 2023 வரி ஆண்டிலிருந்து அதன் உச்சவரம்பு 10,000 வெள்ளி (ரிங்கிட்). ஐவிஎஃப் செலவுக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணமும் எடுக்கலாம், 2024 மே மாதம் கணக்குகளை மூன்றாகப் பிரித்த பிறகு அது செஜாத்ரா கணக்கிலிருந்து வரும். அதற்கு மையத்தின் மருத்துவ அறிக்கை வேண்டும், அதைத் தர இவர்கள் நாள் கடத்துகிறார்கள், முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் ஜாலான் ராஜா லாவுட்டில் இருக்கும் எல்பிபிகேஎன்னில் (அரசின் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம்) விசாரித்துப் பாருங்கள்.

நாங்கள் இங்கேயேதான் தொடரப் போகிறோம், டாக்டருக்காக. கார் நிறுத்த இடம் கிடைக்காது, கிராப் வாடகைக் கார் எடுத்துப் போங்கள்.