‘சஸ்பென்ஷன் ஓவரால்’ பில்லுக்குள் இருந்தது என்ன: வண்டியைப் பட்டறையில் விடும் முன் ஒரு எச்சரிக்கை

ஃபோர்க் ஓவரால், எமுலேட்டர் ஃபிட்டிங், பின் ஷாக் ரீபில்ட், கேஸ் ஃபில்லிங், கம்ஃபர்ட் செட்டிங். பில்லில் இந்த ஐந்து வரிகள். வண்டி ஒரு டூரிங் பைக். முன்னால் டேம்ப்பர் ராட் ஃபோர்க் (சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்க் கால்கள், உள்ளே ஆயிலை நெரிக்கும் துளையிட்ட தண்டு), பின்னால் லிங்கேஜோடு (ஷாக்கை இயக்கும் நெம்புகோல் இணைப்பு) ஒற்றை ஷாக். பெட்டிகளைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க ஓடுகிற வண்டி. பட்டறையிலிருந்து வெளியே வந்த அன்றே, தார் பேர்ந்த ரோட்டில் ஹேண்டில் முன்பைவிட மோசமாக உதறியது. கூரான விளிம்புள்ள சின்னப் பள்ளம் ஒவ்வொன்றும் மணிக்கட்டில் இறங்கியது. வேகத்தடை தாண்டும்போதெல்லாம் பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். திரும்பக் கொண்டுபோனதற்குக் கிடைத்த பதில்: “எல்லாம் புது பார்ட்ஸ் சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க, செட் ஆயிடும்.”

புது ஆயில் சீலிலும், குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்க உதவும் வளையமான புஷ்ஷிலும் கொஞ்சம் பிடிப்பு இருக்கும், சில நூறு கிலோமீட்டரில் அது தளரும். அந்த அளவுக்கு அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் சீல் பிடிப்பு மணிக்கட்டை உடைக்காது. வண்டி வேறொரு மெக்கானிக்கின் கையில் பிரிக்கப்பட்டபோது ஐந்து வரிகளும் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

முதலில் பின் ஷாக். பிரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு, கடைசிப் படிவரை ஏற்றப்பட்டிருந்தது. ‘கம்ஃபர்ட் செட்டிங்’ என்பது இதுதான். பின் சக்கரத்தின் முழு ஓட்டம் 150 மி.மீ. ஆளும் பெட்டியும் ஏறிய பிறகும் வண்டி 14 மி.மீ.தான் அமர்ந்தது. ஆள் இல்லாமல் நின்றால் இந்த அமர்வு, அதாவது இறக்கம், பூஜ்யம், அதாவது ஷாக் முழுசாக நீண்டு முட்டிக்கொண்டே நிற்கிறது. இந்த நிலையில் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க ஓட்டமே மிச்சமில்லை. பள்ளம் வந்ததும் சக்கரம் அந்தரத்தில் தொங்க, அதன்மேல் வண்டி விழும். மேடு தாண்டியதும் ஷாக் துள்ளி நீண்டு தன் உச்சியிலேயே இடிக்கும். அந்த ‘டொக்’ அங்கிருந்துதான்.

பிரீலோடு ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்பது பட்டறைகளில் ஊறிப்போன பேச்சு. ஸ்பிரிங் மாறுவதில்லை. ஒரு மி.மீ.க்கு 90 நியூட்டன் கேட்கிற ஸ்பிரிங், பிரீலோடை எவ்வளவு ஏற்றினாலும் ஒரு மி.மீ.க்கு 90தான் கேட்கும். மாறுவது, அது முதன்முதலாக அசைய எவ்வளவு விசை வேண்டும் என்பது. 10 மி.மீ. முன்னழுத்தம் வைத்தால் ஷாக் 900 நியூட்டன் வரும்வரை அசையாது. 20 வைத்தால் 1800 வரை அசையாது. வண்டி, ஆள், சுமை எடையில் பெரும்பகுதி அந்த எல்லையை எட்டுவதிலேயே போய்விடும், அதனால் வண்டி குறைவாகவே அமர்ந்து உயரமாக நிற்கும். வண்டி ‘கிண்ணென்று’ நிற்பதைப் பார்த்து ஷாக் புதுசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வது நாம்தான்.

அடுத்து கேஸ் ஃபில்லிங். இது வெறும் பொய். ஷாக்குக்குள் நைட்ரஜன் அடைக்க வேண்டுமானால் ஏதாவது ஒரு வழி இருக்க வேண்டும். டயர் வால்வு மாதிரி மூடியோடு ஒரு வால்வு, அல்லது ஊசி செருகி அடைக்கிற ரப்பர் அடைப்பு. இந்த ஷாக்கில் இரண்டுமே இல்லை. வாய் மடக்கி நிரந்தரமாக மூடிய வகை, பிரித்து ரீபில்ட் செய்யவும் முடியாது. பல வண்டிகளில் கம்பெனியிலிருந்து வருவது இந்த வகைதான். அப்படியானால் ‘ரீபில்ட்’ என்று என்ன நடந்தது? கருப்பு பெயிண்ட். ஷாக் முழுசாக அமுங்கும்போது முட்டும் பம்ப் ஸ்டாப் ரப்பரின் மேலும் பளபளக்கும் தண்டின் மேல்முனையிலும் பெயிண்ட் தூசி படிந்திருந்தது. அதுவாவது அழகுக்கு என்று விட்டுவிடலாமா என்றால் அதுவும் இல்லை. தண்டில் காய்ந்த பெயிண்ட் சீலின் உதட்டைக் கடந்து உள்ளே போய்வரும்போது உதட்டை அறுக்கும். கசியாமல் இருந்த ஷாக்கும் கசிய ஆரம்பிக்கும்.

லிங்கேஜைத் தொடவே இல்லை. ஊசி பேரிங்குகளில் கிரீஸ் இருந்த இடத்தில் செந்நிறத் துருப்பொடி. இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். ஷாக்கைக் கழற்றிவிட்டு, லிங்கேஜ் கைகள் மாட்டியபடியே பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைக் கையால் மெல்லத் தூக்கி இறக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் சரி. கரகரத்தாலோ ஓரிடத்தில் சிக்கி நின்றாலோ அங்கே உராய்வு இருக்கிறது, எத்தனை விலையுயர்ந்த ஷாக் போட்டாலும் அது சின்ன மேட்டுக்கு அசையாது. கரடுமுரடான ரோட்டில் பின்பக்கம் அடிக்கிறது என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடமும், பெரும்பாலும் கடைசியில் பார்க்கப்படுகிற இடமும் இதுதான்.

முன்பக்கம் இன்னும் மோசம்.

ஃபோர்க் ஆயிலின் உயரம் மேனுவலில் 140 மி.மீ. என்றிருந்தது. இடது காலில் 105, வலது காலில் 150. இந்த அளவு ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுசாக அழுத்தி, குழாயின் மேல்விளிம்பிலிருந்து ஆயில் மட்டம்வரை எடுப்பது. எண் குறைந்தால் ஆயில் அதிகம், மேலே காற்றுக்கு இடம் குறைவு. அந்தக் காற்றே ஒரு ஸ்பிரிங். இடம் குறையக் குறைய ஓட்டத்தின் கடைசியில் இறுகிக்கொண்டே போகும், அளவு மீறினால் சீலையே வெளியே தள்ளிவிடும். இரண்டு காலுக்கும் 45 மி.மீ. வித்தியாசம் வந்தது எப்படி? பழைய ஆயிலை ஒரு காலில் முழுசாக வடிக்காமல், புதுசை மில்லிலிட்டர் கணக்கில் மட்டும் ஊற்றியிருக்கிறார்கள். மேனுவலில் போடும் மில்லி கணக்கு பெரும்பாலும் பிரித்துக் கழுவிக் காய்ந்த ஃபோர்க்குக்கானது. வெறுமனே கவிழ்த்து வடித்தால் உள்ளே கொஞ்சம் தங்கும். அதனால் ஊற்றிய பிறகு ஃபோர்க்கின் உள்குழாயை மேலும் கீழும் பத்துப் பதினைந்து முறை இழுத்துக் காற்றை வெளியேற்றிவிட்டு, உயரத்தை அளந்து முடிப்பதுதான் முறை. ஒரு காலுக்கு அளந்துவிட்டு அடுத்ததற்கு ‘அதே அளவுதான்’ என்பதெல்லாம் கிடையாது.

ஆயிலின் பாகு பற்றியும் சொல்ல வேண்டும். “கனமான ஆயில் போட்டிருக்கோம், ஃபோர்க் டைவ் அடிக்காது” என்று பெருமையாகச் சொன்னார்கள். டேம்ப்பர் ராட் ஃபோர்க்கில் ஆயில் போவது நிலையான துளைகள் வழியாக. துளை வழியே போகும் ஆயிலின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏறக்குறைய ஏறும். அதாவது ஃபோர்க் இரண்டு மடங்கு வேகமாக அமுங்க வேண்டியிருந்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு. பிரேக் பிடிக்கும்போது மெதுவாக அமுங்குவதால் அங்கே தொளதொளப்பு, கூரான பள்ள விளிம்பில் சடாரென்று அமுங்க வேண்டும் என்பதால் அங்கே இரும்புக் கம்பி மாதிரி விறைப்பு. இந்த வகை ஃபோர்க்கின் பிறவிக் குறை இது. கனமான ஆயில் அதைக் கூட்டும். கூடவே ரீபவுண்டும், அதாவது அமுங்கியது திரும்பி நீள்வதும், மந்தமாகும். அலை அலையான ரோட்டில் ஒரு மேட்டிலிருந்து ஃபோர்க் திரும்பி நீள்வதற்குள் அடுத்தது வந்துவிடும். நாலைந்து மேட்டுக்குப் பிறகு ஓட்டமெல்லாம் தீர்ந்து கீழேயே நிற்கும். ரோடு நீள நீள வண்டி கடினமாகிக்கொண்டே போகிறது என்றால் காரணம் அநேகமாக இதுவே. இன்னொன்று, டப்பாவின் மேல் எழுதியிருக்கும் 10, 15 என்ற எண்களை நம்பி பிராண்டுக்கு பிராண்டு மாற்றக் கூடாது. ஒரு கம்பெனியின் 10 இன்னொன்றின் 7-க்குச் சமமாக இருக்கலாம். ஒப்பிட வேண்டியது 40 டிகிரியில் அதன் பாகுநிலை, சென்டிஸ்டோக் அளவில். டப்பாவில் இல்லாவிட்டால் அந்த ஆயிலின் தரவுத்தாளில் இருக்கும்.

எமுலேட்டர் கதைதான் உண்மையான கொள்ளை. டேம்ப்பர் ராடின் தலையில் உட்கார்ந்து, வேகமான அடி வரும்போது வால்வைத் திறந்து ஆயிலை விடுவது அதன் வேலை. அது வேலை செய்ய இரண்டு காரியம் நடந்திருக்க வேண்டும். ஒன்று, ராடின் கீழ்ப்பகுதியில் ஃபோர்க் அமுங்கும்போது ஆயில் போகும் பழைய கம்ப்ரஷன் துளைகளைப் பெரிதாக்கிக் கூடுதல் துளைகளும் போட வேண்டும். வழக்கமாக 8 மி.மீ. அளவில் ஆறு துளைகள், விளிம்பு சீவி, இரும்புத்தூள் போகக் கழுவி. மேலே இருக்கும் சின்ன ரீபவுண்ட் துளையைத் தொடக் கூடாது. இரண்டு, எமுலேட்டர் எவ்வளவு உயரமோ அவ்வளவு, ஸ்பிரிங்குக்கு மேல் உட்காரும் ஸ்பேசர் குழாயை வெட்ட வேண்டும். இங்கே பொருள் உண்மையானது, உள்ளே இருந்தது. ஆனால் ராடில் கம்பெனித் துளைகள் அப்படியே. ஆயில் எமுலேட்டரைத் தாண்டுவதற்கு முன்பே பழைய துளையில் நெரிபட்டு நின்றது. ஸ்பேசரும் வெட்டப்படவில்லை, எமுலேட்டரின் உயரம் முழுக்க உபரி பிரீலோடாக ஏறியிருந்தது. 130 மி.மீ. ஓட்டமுள்ள ஃபோர்க் ஆள் ஏறியும் 12 மி.மீ. மட்டும் அமர்ந்தது. மேல்மூடியைக் கழற்றி, பொருளை உள்ளே போட்டு, மூடியிருக்கிறார்கள். அரை மணி நேர வேலை.

புஷ் மாற்றியதாகக் கணக்கு. உள்ளே இருந்தவற்றில் சாம்பல் நிற டெஃப்லான் பூச்சு தேய்ந்து வெண்கல நிறம் வெளியே தெரிந்தது. கீழ் போல்ட்டில் செம்பு வாஷர் பழசே, மேலே சிலிக்கான் அப்பியிருந்தது. அங்கே கசியும் ஆயில் காற்றில் சிதறி பிரேக் பக்கம் போகும், அது சொகுசு விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

கடைசியாக ஆக்ஸில். சக்கரத்தை மாட்டியதும், ஆக்ஸிலைக் கவ்விப் பிடிக்கும் பின்ச் போல்ட்டை முடுக்கிவிட்டார்கள். ஆக்ஸில் நட்டை உரிய டார்க்கில் முடுக்கி, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை ஐந்தாறு முறை நன்றாக அமுக்கிவிட்டுத்தான் பின்ச் போல்ட். இல்லையென்றால் இரண்டு கால்களும் இணையாக நிற்காமல் ஒன்றையொன்று இறுக்கும். பைசா செலவில்லாத இந்தத் திருத்தம் மட்டுமே பல வண்டிகளில் உதறலைக் குறைக்கும்.

எனவே வண்டியை விடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைச் சரிபார்த்துவிட்டு இறக்கத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சக்கரம் தரையைத் தொடாமல் ஷாக் முழுசாக நீண்டிருக்கும்போது ஒரு அளவு, வண்டி தன் எடையில் நிற்கும்போது ஒன்று, வழக்கமான உடையும் சுமையுமாக ஆள் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று. முதல் அளவிலிருந்து மற்ற இரண்டும் எவ்வளவு குறைகிறதோ அதுதான் இறக்கம். பின்பக்கத்துக்கு ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே ஒரு குறிவரை அளக்கலாம். உராய்வு ஏமாற்றும் என்பதால், ஒருமுறை அமுக்கி மெல்ல விட்டு, ஒருமுறை தூக்கி மெல்ல விட்டு, இரண்டின் சராசரியை எடுங்கள். டூரிங்குக்கு ஆளோடு இறக்கம் மொத்த ஓட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. ஆளோடு சரியாக வந்து, ஆள் இல்லாமல் பூஜ்யமாக இருந்தால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மென்மை, மாற்ற வேண்டியது ஸ்பிரிங்கையே. ரீபவுண்ட் ஸ்க்ரூ இருந்தால் வலப்பக்கம் மெதுவாக உட்காரும்வரை திருப்பி கிளிக்குகளை எண்ணிக் குறித்துவிட்டு, பழைய இடத்துக்கே திருப்புங்கள். முடிவில் அழுத்தி முறுக்கினால் உள்ளேயுள்ள ஊசி கெடும்.

ஃபோர்க் கீழ் போல்ட்டின் மேலும், லிங்கேஜ் போல்ட்டுகளின் மேலும் நகப்பூச்சால் குறுக்கே ஒரு மெல்லிய கோடு இழுத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கோடு உடையாமல் திரும்பி வந்தால் அங்கே ஸ்பேனர் போகவில்லை. கழற்றிய பழைய பாகங்களை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஆயில் சீல் இரண்டு, டஸ்ட் சீல் இரண்டு, காலுக்கு இரண்டாக புஷ் நான்கு, செம்பு வாஷர் இரண்டு, வடித்த ஆயில் ஒரு பாட்டிலில். “தூக்கிப் போட்டுட்டோம்” என்ற பதிலுக்கு ஒரே பொருள்தான். எமுலேட்டர் என்றால், துளையிட்ட ராடின் போட்டோவையும் வெட்டிய ஸ்பேசர் துண்டையும் கேளுங்கள். கேஸ் என்றால் வால்வைக் காட்டச் சொல்லுங்கள்.

எல்லாப் பட்டறையும் திருட்டுப் பட்டறை என்று சொல்ல வரவில்லை. “தொளதொளன்னு இருக்கு” என்று நாம் சொன்னதும் பிரீலோடை ஏற்றிக் கொடுப்பவர் பலர் தெரியாமல் செய்பவர்கள். தெரியாததற்கும் செய்யாத வேலைக்குப் பில் போடுவதற்கும் வித்தியாசம் உண்டு.

அந்த வண்டி இப்போது முன்னால் 42, பின்னால் 48 மி.மீ. அமர்கிறது. ராடில் துளைகள் போட்டு, ஸ்பேசர் வெட்டி, மேனுவல் சொன்ன பாகில் ஆயில் 140-க்கு அளந்து ஊற்றியாயிற்று. லிங்கேஜ் பேரிங் புதுசு. பெயிண்ட் அடித்த ஷாக் மட்டும் சீல் கசிந்து வேலைக்காகாமல் போனது, பிரித்துச் சரிசெய்யக்கூடிய வேறொன்று வாங்க வேண்டியதாயிற்று. போட்டோக்களைக் காட்டிக் கேட்டதற்குப் பழைய பட்டறை திருப்பித் தந்தது ‘கேஸ் ஃபில்லிங்’ என்ற ஒரு வரிக்கான காசை மட்டும். மற்ற நான்கு வரிகளுக்கும் அவர்கள் பதில் இன்னும் அதே ‘செட் ஆயிடும்’தான்.