ஒரு வாயும் நான்கு கொப்பளிப்பு நீர்களும்

மயலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்காக, ரத்த அணுக்களை உருவாக்கும் என் ஸ்டெம் செல்களையே எடுத்துவைத்து, மெல்ஃபலான் என்ற புற்றுநோய் மருந்தைச் செலுத்தி, மறுநாள் அவற்றைத் திருப்பி ஏற்றினார்கள். அந்த மருந்து வாயையும் புண்ணாக்கும். 6ஆம் நாள் உதட்டின் உட்புறம் எரிந்தது. 8ஆம் நாள் எச்சிலை விழுங்கவே பயந்தேன். கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். எதை எத்தனை மணிக்குக் கொப்பளித்தேன் என்பதெல்லாம் நோட்டில் இருக்கிறது.

முதலாவது, உப்பும் சமையல் சோடாவும் கரைத்த தண்ணீர். ஒரு லிட்டருக்கு இரண்டிலும் ஒவ்வொரு தேக்கரண்டி. இவ்வளவு பெரிய சிகிச்சைக்கு இதுதானா என்று முகம் சுளித்தேன். "புண் வருவதற்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள் ஐயா, வந்தபிறகு வாயைத் திறக்க மாட்டீர்கள்" என்றார் நர்ஸ். சுவை மோசம்தான். ஆனால் எரியவில்லை. நள்ளிரவில் வாய்க்குள் கோந்துபோல் அப்பிக்கொள்ளும் எச்சிலை இதைப்போல் வேறெதுவும் இளக்கவில்லை. இது புண்ணைத் தடுக்காது, ஆற்றவும் செய்யாது. வாயைச் சுத்தமாகவும் ஈரமாகவும் வைக்கும். இரண்டு மணிக்கொருமுறை கொப்பளித்தேன், தினமும் புதிதாகக் கரைத்து.

இரண்டாவது, லிடோகெய்ன் கலந்த கொழகொழப்பான மருந்து. சில நிமிடங்களில் வாய் மரத்துவிடும். என் நோட்டின்படி அந்தச் சுகம் சுமார் 20 நிமிடம். அதற்குள் மென்மையான பிரஷால் பல் துலக்கி முடித்துவிடுவேன். மற்ற நேரத்தில் பிரஷைப் பார்த்தாலே கண்ணில் நீர் வரும். ஒருநாள் மரத்த கன்னத்தை நானே கடித்திருக்கிறேன். துப்பியதில் சிவப்பைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்த நேரம், நர்ஸிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். தொண்டைவரை மரத்தால் புரையேறும் என்பதால், மரப்பு நீங்கும்வரை சாப்பிடக் கூடாது. வலி உச்சத்தில் இருந்த மூன்று நாளும் இது போதவில்லை; ரத்தக்குழாய்வழி ஏற்றிய மார்ஃபின்தான் காப்பாற்றியது.

மூன்றாவது பென்சிடமின், வலியையும் அழற்சியையும் தணிக்கும் கொப்பளிப்பு மருந்து. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெறுகிறவர்களுக்குத்தான் இதன் பலன் நன்றாக நிறுவப்பட்டிருக்கிறது. எனக்கு முதல் வாயிலேயே சுரீரென்றது. தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்தபின் பொறுக்க முடிந்தது. ஒன்றும் குறைசொல்ல மாட்டேன், புகழவும் மாட்டேன்.

நான்காவது, முன்யோசனை என்று நினைத்து நானே வாங்கிப்போன குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி. ஆல்கஹால் கலந்த வகை என்பதை வாங்கும்போது கவனிக்கவில்லை. வெந்த புண்ணில் அது பட்ட கணத்தை எழுத வேண்டாம். பல்லில் பழுப்புக் கறை படிய வைப்பதும் அதற்கு வழக்கம். நர்ஸ் சீசாவை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார்.

13ஆம் நாள் வெள்ளை அணுக்கள் ஏறத் தொடங்கின. கூடவே புண்ணும் வற்றியது. அன்று என் கையில் இருந்தது சோடா உப்புத் தண்ணீர் என்பதால் பெருமையை அதற்கே எழுதிவிட ஆசை. அது கள்ளக்கணக்கு.

வரவு வைக்க வேண்டியது கொப்பளிக்காத ஒன்றின் பேரில்: ஐஸ் துண்டுகள். மெல்ஃபலான் ஏறும்போது வாயில் ஐஸை அடக்கிக்கொண்டால் ரத்தக்குழாய்கள் சுருங்கி, மருந்து வாயின் சவ்வுக்குக் குறைவாகவே போய்ச் சேரும். மருந்து தொடங்குமுன்பே ஆரம்பித்து, முடிந்தபிறகும் சிறிது நேரம் தொடரச் சொல்லியிருந்தார்கள். நானோ பல் கூசுகிறதென்று பாதியில் துப்பிவிட்டேன். நோட்டில் அந்த இடத்தில் "ஐஸ், 11 நிமிடம், போதும்" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.