விடுதலை என்று அளக்காத அப்பீல் வக்கீல்

வேன் ஓட்டும் என் தம்பி மேல் பழைய கேஸ், ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) 279, 338: தாறுமாறாக ஓட்டியது, ஒருவருக்குப் பலத்த காயம் ஏற்படுத்தியது. மாஜிஸ்திரேட் ஆறு மாசம் ஜெயில் போட்டார். செஷன்ஸ் கோர்ட் அப்பீலுக்கு இந்த வக்கீல் ஆபீஸுக்குப் போனோம்.

"சாட்சிகள் கெட்டியா இருக்கு, குற்றத்தை உடைக்கிறது கஷ்டம்மா. தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்போம்" என்றார் சீனியர். அந்த நேர்மை பிடித்தது. 30 நாள் கெடுவுக்குள் அப்பீல் போட்டு, தண்டனையை நிறுத்தி ஜாமீனும் வாங்கினார். முன்வழக்கு இல்லை, அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததே இவன்தான், வீட்டில் ஒரே சம்பாத்தியம் என்று அடுக்கி வாதாடினார். ஜெயில் தண்டனை நீங்கி, பிரிவுக்கு 1000 ரூபாய் அபராதம் மட்டும் ஆனது. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியேதான் நிற்கிறது.

ஜூனியர்கள் போனே எடுக்க மாட்டார்கள். வாய்தா தேதியை நான் இ-கோர்ட்ஸ் ஆப்பில்தான் பார்த்துக்கொண்டேன். ஃபீஸுக்கு ரசீது கேட்டு வாங்குங்கள், தானாகத் தருவதில்லை.