நாலு கேபிள் பாண்டிங்: ரெண்டு வருஷம் ஓட்டுனதுக்கு அப்புறம்

பாலக்கோட்டுல ஸ்டூடியோ வச்சிருக்குற தம்பி நேத்து போன் பண்ணி "ண்ணா, சர்வர்ல இருந்து ஸ்விட்ச்சுக்கு நாலு கேபிள் இழுத்தா நாலு மடங்கு ஸ்பீடு வருமா, கடையில வரும்னு சொல்றாங்க"ன்னு கேட்டான். இப்படி பல கேபிள ஒரே லிங்க்கா சேர்த்து ஓட்டுறதுக்குப் பேருதான் பாண்டிங். என்கிட்டயும் இதையேதான் சொல்லி வித்தாங்க, அதான் எழுதுறேன்.

தர்மபுரில நம்ம எடிட்டிங் ஆபீஸ்ல ஒரு லினக்ஸ் சர்வர், மூணு எடிட்டிங் சிஸ்டம், பேக்கப்புக்கு ஒரு நாஸ் (நெட்வொர்க்ல மாட்டுற டிஸ்க் பெட்டி). சர்வர், நாஸ் ரெண்டுக்கும் நாலு நாலு ஒரு ஜிகாபிட் போர்ட், பாண்டிங் முறை எல்ஏசிபி (ரெண்டு பக்கமும் பேசிக்கிட்டு கேபிள சேர்த்துக்குற ஸ்டாண்டர்டு), லினக்ஸ்ல அதுக்குப் பேரு மோட் 4.

ஒரு கனெக்‌ஷன் ஒரு கேபிள்லதான் போகும், அவ்வளவுதான் விஷயம். பாக்கெட்டு வரிசை கலையக்கூடாதுன்னு அந்த ஸ்டாண்டர்டே அப்படித்தான். ராத்திரி சர்வர்ல இருந்து நாஸுக்கு ஒரே காப்பியா 2 டிபி கல்யாண ஃபுட்டேஜ் தள்ளுனா நொடிக்கு 110 எம்பி தாண்டாது, அஞ்சு மணி நேரம், மீதி மூணு கேபிள் சும்மா கிடக்கும். ரெண்டு வருஷமா தினம் பாக்குறேன், இன்னும் வயிறு எரியுது.

அதுக்கு மேல ஹாஷ் தொல்லை, அதாவது எந்த டிராஃபிக் எந்த கேபிள்ல போகணும்னு முடிவு பண்ற கணக்கு. லினக்ஸ்ல டிஃபால்ட் லேயர்2, மேக் அட்ரஸ் (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் இருக்குற நம்பர்) வச்சு கேபிள் பிரிக்கும், எங்க மூணு சிஸ்டத்துல ரெண்டு ஒரே கேபிள்ல போய் விழுந்துச்சு. ஐபி அட்ரஸும் போர்ட் நம்பரும் (சொருகுற போர்ட் இல்ல, கனெக்‌ஷனோட நம்பர்) வச்சு பிரிக்குற லேயர்3+4க்கு மாத்துனேன், சர்வர்ல இருந்து படிக்கறது சரியாச்சு, ஆனா மூணு பேரும் ஒரே நேரத்துல கேமரா கார்டை சர்வர்ல கொட்டுனா ஆளுக்கு 35 எம்பிதான் வருது. ஒரு மாசம் சர்வர்லயே தேடிட்டு இருந்தேன். சர்வருக்கு வர்ற டிராஃபிக்க பிரிக்கறது சர்வர் இல்ல, ஸ்விட்ச்சு, அது போய்ச்சேர்ற மேக்க மட்டும் பாத்து எல்லாத்தையும் ஒரே கேபிள்ல திணிச்சிட்டு இருந்துருக்கு. அங்கயும் ஐபி, போர்ட் நம்பர்னு மாத்துனதும்தான் மூணு பேருக்கும் 100க்கு மேல வந்துச்சு, எப்பவாவது ரெண்டு பேரு ஒரே கேபிள்ல மாட்டுவாங்க, அது ஒன்னும் பண்ண முடியாது. ரெண்டு பக்கமும் பாக்கணும்னு விக்கறவங்க ஒருத்தரும் சொல்லல.

ஆனா இதையும் சொல்லணும். வைகாசி முகூர்த்த நேரத்துல ஒரு கோடை மழை இடியில சர்வர் சொருகியிருந்த ரெண்டு போர்ட் ஸ்விட்ச்சுல செத்துப்போச்சு. எடிட்டர் பசங்களுக்கு தெரியவே இல்ல, ரெண்டு நாள் கழிச்சு பாண்டிங் ஸ்டேட்டஸ் திறந்தப்போதான் ரெண்டு லிங்க் டவுன்னு பாத்தேன். முகூர்த்தம் முடியற வரைக்கும் மிச்ச ரெண்டுலயே ஓட்டி, ஒரு ஆல்பம்கூட லேட் ஆகாம குடுத்துட்டு, அப்புறம்தான் ரிப்பேருக்கு அனுப்புனேன். ஒத்த கேபிளா இருந்து அது அந்த போர்ட்ல இருந்திருந்தா அன்னிக்கே கடை சாத்தியிருக்கணும்.

தம்பிகிட்ட சொன்னது: நீ ஒரே ஆளு, பாண்டிங் வேணாம்டா, சர்வருக்கும் பேக்கப்புக்கும் ஒரு 10 ஜிகாபிட் கார்டு ஆளுக்கொன்னு போட்டு நேரா ஒரு கேபிள் இழுத்துடு. இன்னிக்கு காலையில ஸ்விட்ச்சு ரிப்பேர் ஆகி வந்துச்சு, நான் மறுபடி நாலு கேபிளையும் சொருகிட்டேன்.