செவ்வாய்க்கிழமைக் கேள்வி: ரோட்டரியா, அரிமாவா?

மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன் நான். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரே வாரத்தில் இரண்டு விண்ணப்பப் படிவங்கள் என் மேசைக்கு வந்து சேர்ந்தன. ரோட்டரி சங்கத்துப் படிவத்தைக் கொடுத்தவர் எங்கள் குடும்ப மருத்துவர். அரிமா (லயன்ஸ்) சங்கத்துப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டியவர் பக்கத்து மளிகைக் கடை அண்ணாச்சி. இரண்டுமே சேவைச் சங்கங்கள்; இரண்டிலும் நாமாகப் போய்ச் சேர்ந்துவிட முடியாது. உள்ளே இருக்கும் ஒருவர் கைபிடித்து அழைத்துப் போக வேண்டும். ஒருவர் என் ரத்த அழுத்தம் பார்க்கிறவர். மற்றவர் மாதக் கடைசியில் எனக்குக் கடனில் அரிசி தருகிறவர். யாரைப் பகைத்துக்கொள்வது? இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்து, மேலே தேய்ந்த பேரிங் ஒன்றைப் பாரமாக வைத்துவிட்டேன்.

அடுத்த இரண்டு மாதம் இரண்டு இடத்திலும் விருந்தினராகப் போய் உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில் ரோட்டரியில் சேர்ந்தேன். எனவே இது நடுநிலையான தீர்ப்பு அல்ல. அரிமா சங்கத்தில் நான் பார்த்தவை மூன்று கூட்டங்களும் இரண்டு கண் முகாம்களும் மட்டுமே. அந்த மூன்று கூட்டங்களுக்கும் இரண்டு முகாம்களுக்கும் உரிய எடைதான் அந்தப் பக்கத்தைப் பற்றி நான் சொல்வதற்கு உண்டு.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டுமே சிகாகோவில் தொழில் செய்தவர்கள் தொடங்கியவை. ரோட்டரி 1905இல் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கியது. அரிமா 1917இல் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டு முகவர் தொடங்கியது. இரண்டிலும் ஆண்டுக் கணக்கு ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் முப்பதில் முடிகிறது. இரண்டிலும் பல சங்கங்களுக்குத் தலைவரான மாவட்ட ஆளுநர், சட்டையில் குத்தும் வில்லை, பதவியேற்பு விழா, பொன்னாடை எல்லாம் உண்டு. இரண்டுமே 1980களின் பிற்பாதி வரை பெண்களை உறுப்பினராக்காமல் இருந்தவைதாம். இளைஞர்களுக்கான ஜேசீஸ் சங்கம் பற்றிக் கேட்பீர்கள். அங்கே நாற்பது வயதுவரைதான் உறுப்பினர். எனக்கு அந்தக் கதவு முன்பே சாத்தியாகிவிட்டது.

பணத்தைப் பொறுத்தவரை எங்கள் ஊரில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆண்டுச் சந்தாவை மட்டும் பார்த்துவிட்டுச் சேராதீர்கள் என்று மட்டும் சொல்வேன். சந்தா வாசற்படிதான். பதவியேற்பு விழாவுக்குப் பங்கு, ஆளுநர் வருகைக்குப் பங்கு, மாநாட்டுக்குப் பதிவுக் கட்டணம், குடும்ப விழாவுக்கு ஒரு தொகை என்று வீட்டுக்குள்ளே வேறு செலவுகள் காத்திருக்கும். இரண்டிலுமே.

ஆட்களில் வித்தியாசம் உண்டு. எங்கள் ஊர் ரோட்டரியில் மருத்துவர், ஆடிட்டர், வழக்கறிஞர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று படித்த கூட்டம் அதிகம்; அறிவிப்புகள் பாதி ஆங்கிலத்தில் ஓடும். அரிமா சங்கத்தில் கடைவீதிதான் முழுக்க. பேச்சு தமிழில், சத்தமாக. பக்கத்து ஊரிலேயே இது தலைகீழாக இருக்கலாம். ரோட்டரியில் ஒரு தொழிலுக்கு ஒருவர் என்று தொடங்கிய பழைய வழக்கம் உண்டு. இப்போது அது தளர்ந்துவிட்டாலும், சேரும்போது தொழில்வகை என்ன என்று கேட்டார்கள். ‘காயில் கட்டுதல்’ என்றேன். செயலாளர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ‘மின் மோட்டார் சேவை’ என்று எழுதிக்கொண்டார்.

கூட்டம் நடக்கும் விதத்தில் அரிமாவுக்கே என் ஓட்டு. அங்கே டெயில் ட்விஸ்டர் என்று ஒரு பதவி உண்டு. வாலை முறுக்குபவர்! கூட்டம் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும், அற்பக் காரணங்களுக்கு அபராதம் போட்டு உண்டியல் நிரப்புவதும் அவர் வேலை. தாமதமாக வந்தவருக்குப் பத்து ரூபாய், வில்லை குத்தாமல் வந்தவருக்குப் பத்து ரூபாய், மகள் கல்லூரியில் முதலிடம் வாங்கியதைச் சொல்லாமல் மறைத்தவருக்கு நூறு ரூபாய். அவருக்கு யாராவது அபராதம் போட வேண்டும் என்றால் வந்திருக்கும் அத்தனை பேரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். ரோட்டரியில் சேர்ந்த பிறகு ஒருமுறை அண்ணாச்சியின் அழைப்பில் அங்கே போனேன். சட்டையில் ரோட்டரியின் சக்கர வில்லையைக் கழற்ற மறந்திருந்தேன். இருபது ரூபாய்.

எங்கள் கூட்டம் அப்படி இல்லை. மணி அடிப்பார்கள், தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுவார்கள், ஒருவர் எழுந்து நான்கு வழிச் சோதனையைச் சொல்வார்: இது உண்மையா, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமா, நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா, எல்லோருக்கும் நன்மை தருமா? 1932இல் திவாலாகும் நிலையில் இருந்த ஒரு அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்த ஹெர்பர்ட் டெய்லர் எழுதிக்கொண்ட கேள்விகள் இவை. பிறகு பிறந்தநாள், திருமணநாள் வாழ்த்து. பிறகு செயலாளர் அறிவிப்பு. பிறகு சிறப்பு விருந்தினர் சர்க்கரை நோயைப் பற்றியோ வருமான வரியைப் பற்றியோ பேசுவார். நன்றியுரை, நாட்டுப்பண், சாப்பாடு. இது ஒவ்வொரு செவ்வாயும். அரிமாவில் மாதம் இரண்டே கூட்டம்.

‘தம்பி, வாரா வாரம் கடையைச் சாத்திவிட்டுப் போய் வரித் தாக்கல் பற்றிக் கேட்கப் போகிறீரா?’ என்று அண்ணாச்சி அப்போது கேட்டார். நியாயமான கேள்விதான். கூட்டம் குறைவு என்பதற்காகவே நானும் அரிமாவில் சேர இருந்தேன். மனம் மாறியது ரோட்டரியில் விருந்தினராக நான் போன வாரங்களில்.

அதற்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்த தலைவர் காலத்தில் சங்கம் ஒரு அரசுப் பெண்கள் பள்ளிக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்திருந்தது. ஆழ்துளைக் கிணறு, மோட்டார், மொட்டைமாடியில் தொட்டி, சுவரில் கல்வெட்டு. நான் போன முதல் செவ்வாய், செயலாளர் அறிவிப்பு முடிந்ததும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுந்தார். ‘அந்தப் பள்ளித் தொட்டியில் தண்ணீர் ஏறுகிறதா?’ என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். விசாரிப்பதாகச் செயலாளர் சொன்னார். அடுத்த செவ்வாய் அதே ஆள், அதே கேள்வி. எலெக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறோம் என்றார்கள். மூன்றாவது செவ்வாய் அவர் எழுந்ததுமே சிரிப்பு கிளம்பிவிட்டது. பொங்கல் விடுமுறை, ஆள் ஊரில் இல்லை என்று பதில் வந்தது. நான்காவது செவ்வாய் அவர் எழவே இல்லை. தலைவரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். சிரிக்க ஆளில்லை.

மறுநாள் காலை நானே போனேன். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால் கெபாசிட்டர் பொரித்த பூரி மாதிரி உப்பிக் கிடந்தது. விலை முந்நூறு ரூபாய்கூட இராது. மாற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஒருமுறை முனகிவிட்டு ஓட ஆரம்பித்தது. தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் ஆயா அம்மாள் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கழிப்பறைக் கதவைத் திறந்தார். பூட்டி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதாம். அந்தப் பிள்ளைகள் அதுவரை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

எந்தச் சேவைச் சங்கத்தையும் எடைபோட நான் பார்ப்பது இதைத்தான். கட்டுவதற்கு ஆள் கிடைப்பார்கள், திறந்துவைக்க ஆள் வரிசையில் நிற்பார்கள். மூன்றாம் ஆண்டு வால்வு கசியும்போது யாருக்கு ஞாபகம் இருக்கும்? இரண்டு சங்கங்களிலும் ஜூலை பிறந்தால் புதுத் தலைவர், புதுச் செயலாளர். புதியவருக்குத் தம் பெயர் பொறித்த புதுத் திட்டம் வேண்டும். போன ஆண்டுத் திட்டம் தாயில்லாப் பிள்ளை. பேருந்து நிறுத்தத்துக் குடிநீர்த் தொட்டி, பூங்கா இருக்கை, மருத்துவமனை வாசல் சக்கர நாற்காலி என்று ஊர் முழுக்க அப்படிப்பட்ட பிள்ளைகள் கிடக்கின்றன. சக்கரம் பொறித்தவையும் உண்டு, சிங்கம் பொறித்தவையும் உண்டு.

இதற்கு வாரக் கூட்டம் ஒரு மருந்து. ஏழு நாளில் கேள்வி ஆறாது. அதே முகங்கள், அதே நாற்காலிகள், போன வாரம் சொன்ன சாக்கு இன்னும் காதில் இருக்கும். பதினைந்து நாள் இடைவெளியில் சூடு தணிந்துவிடுகிறது. அதிலும் ஒருவர் ஒரு கூட்டத்துக்கு வராவிட்டால் மாதம் ஓடிவிடும். கேட்டவரும் மறந்திருப்பார், பதில் சொல்ல வேண்டியவரும் மறந்திருப்பார். ரோட்டரிச் சக்கரத்தின் நடுத்துளையில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? பட்டறைக்காரர்கள் அதைக் கீவே என்போம். அதில் சாவி என்ற இரும்புத் துண்டு இறங்கினால்தான் தண்டு சுற்றும்போது சக்கரமும் சுற்றும். ஆரம்ப காலச் சின்னத்தில் அந்த வெட்டு இல்லை; அது இல்லாமல் சக்கரம் வேலை செய்யாது என்று எடுத்துச் சொன்ன பிறகே 1920களில் சேர்த்தார்கள். எங்கள் சங்கத்தில் அந்தச் சாவி செவ்வாய்க்கிழமைதான் என்பேன்.

வாரக் கூட்டத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. விட்ட கூட்டத்தை வேறு எந்த ஊர் ரோட்டரியில் போய் உட்கார்ந்தும் ஈடுகட்டலாம். செம்புக் கம்பி வாங்கக் கோயம்புத்தூர் போனபோது அங்கே ஒரு சங்கத்தில் உட்கார்ந்தேன். கட்டிக் கொடுத்த ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளரை வைத்திருந்தார்கள். மாதத்தின் முதல் கூட்டத்தில் அவர் ஒரு வரி சொல்ல வேண்டும். ஊர் திரும்பியதும் அதை எங்கள் சங்கத்தில் சொன்னேன். எங்கள் பட்டியலில் இப்போது பதினொன்று இருக்கின்றன. மோட்டார் உள்ள ஆறும் என் தலையில்! வாயைத் திறந்தவனுக்குத்தான் வேலை.

அரிமாவைக் குறைத்துச் சொல்கிறேன் என்று அண்ணாச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது. கண் முகாமில் நான் பார்த்த ஒழுங்கை எங்கள் சங்கத்தில் பார்த்ததில்லை. 1925இல் ஓஹியோ மாநிலத்தில் நடந்த அரிமா மாநாட்டில் ஹெலன் கெல்லர் வந்து, இருளை எதிர்க்கும் போர்வீரர்களாகுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். அன்றிலிருந்து கண்தான் அவர்கள் முதன்மைப் பணி. முகாம் நாளில் காலை ஏழு மணிக்கே பள்ளி வளாகத்தில் கூட்டம். மருத்துவமனைக் குழு பார்வையைச் சோதித்து, புரை முற்றியவர்களைப் பிரித்து, பேருந்தில் ஏற்றிக்கொண்டு போகிறது. அறுவை முடிந்து திரும்பவும் கொண்டுவந்து விடுகிறது. ஒயர்க்கூடையோடு வந்த ஒரு பாட்டி, பேருந்தில் ஏற மாட்டேன் என்று படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லையாம். அண்ணாச்சி தம் கடைப் பையனைக் கூப்பிட்டு, தெருவின் பெயரையும் ஆடுகளின் எண்ணிக்கையையும் கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொன்ன பிறகுதான் பாட்டி ஏறினார். நான்காம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கியவர் முதலில் கேட்டது ஆட்டைப் பற்றி.

இந்த வேலைக்கு வாரக் கூட்டம் தேவையில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முகாமுக்கு ஒரு நாள் உண்டு, ஒரு முடிவு உண்டு. அறுவை, மறுபரிசோதனை எல்லாம் மருத்துவமனையின் பொறுப்பு. விளம்பரம், இடம், சாப்பாடு, ஆள் திரட்டுவது சங்கத்தின் பொறுப்பு. மாதம் இரண்டு கூட்டம் அதற்குத் தாராளம். உங்கள் நாட்டம் முகாம், ரத்ததானம் போன்றவற்றில் என்றால், கடையை வாரா வாரம் சாத்த முடியாது என்றால், அரிமாவுக்கே போங்கள். நானே அனுப்பிவைக்கிறேன்.

விடாமல் கேட்பதற்கு ரோட்டரியில் பெரிய உதாரணம் போலியோதான். 1985இல் அறிவித்துக் கையில் எடுத்தார்கள். இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தைக்கு அது வந்தது 2011 ஜனவரியில், ஹவுராவில். நாடு போலியோ அற்றது என்ற சான்று கிடைத்தது 2014 மார்ச்சில். அரசும் உலக சுகாதார நிறுவனமும் லட்சக்கணக்கான ஊழியர்களும் சேர்ந்து செய்த வேலை அது. பெருமை முழுவதையும் சட்டையில் குத்திக்கொள்ள எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் எத்தனை தலைவர்கள் மாறினார்கள், கேள்வி மாறவில்லை.

பெண்களுக்கு எது வசதி என்று கேட்டால் என் பதில் அரைகுறைதான். எங்கள் சங்கத்தில் பெண் உறுப்பினர்கள் நான்கே பேர். என் மனைவி ரோட்டரியோடு தொடர்புள்ள பெண்கள் சங்கமான இன்னர் வீலில் இருக்கிறாள். அவர்கள் கூட்டத்துக்குள் எனக்கு அனுமதியில்லை, வாசலில் ஸ்கூட்டரோடு நிற்பதோடு சரி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் புகழ்கிற வாரக் கூட்டம் இப்போது ரோட்டரியிலும் கட்டாயம் இல்லை. 2016இல் விதியைத் தளர்த்தி, மாதம் இரண்டு முறை கூடினால் போதும் என்றாக்கிவிட்டார்கள். பல ஊர்களில் அப்படியே மாற்றிக்கொண்டார்கள். ஆகவே சேருமுன் சக்கரமா சிங்கமா என்று பார்ப்பதைவிட, உங்கள் ஊரில் எது எத்தனை நாளுக்கு ஒருமுறை கூடுகிறது, மூன்று ஆண்டுக்கு முன் கட்டியது இன்று எப்படி இருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். குழாயைத் திருகிப் பாருங்கள்.

எங்கள் சங்கத்திலும் வரும் ஜூலையிலிருந்து மாதம் இரண்டு கூட்டம் போதும் என்று ஒரு தீர்மானம் வரவிருக்கிறது. இளையவர்கள் பலர் ஆதரவு. தலைமையாசிரியரும் நானும் கை தூக்கப் போவதில்லை. அது நிறைவேறிவிட்டால் இரண்டு சங்கங்களுக்கும் இடையே நான் ஒப்பிட மிஞ்சியிருப்பது சாப்பாடு ஒன்றுதான். அதில் அண்ணாச்சி சங்கத்தின் கைதான் எப்போதும் ஓங்கியிருக்கிறது.