உப்புக்காற்றில் இறுகிய கதவுக் கீல்: எது இளக்குகிறது, எது மழைக்காலத்தைத் தாண்டுகிறது

புதுச்சேரி கடற்கரைச் சாலைப் பக்கமோ கடலூர் தேவனாம்பட்டினத்திலோ வெட்டவெளியில் நிற்கும் பழைய அம்பாசடர், பத்மினி வண்டிகளில் கதவுக் கீலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் சித்திரை வெயிலிலும் கீலின் நடுக்கம்பியான பின்னைச் சுற்றித் துரு வளர்ந்துகொண்டே இருக்கும். இரும்பைவிடத் துருவுக்குப் பல மடங்கு இடம் வேண்டும். பின்னுக்கும் அதைச் சுற்றியுள்ள குழாயான புஷ்ஷுக்கும் நடுவே இருப்பதோ மயிரிழை இடைவெளி. பிடி அவ்வளவு இறுக்கமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

இறுகிய கதவைப் பிடித்து ஆட்டித் திறக்கவே கூடாது. கதவின் நீளம் முழுவதும் நெம்புகோலாக மாறி, கீல் திருகப்பட்ட தூணின் (கதவைத் தாங்கும் பாடிப் பகுதி) தகடு கிழியும். உள்ளே மறைந்திருக்கும் நட்டுத் தகடு கழன்றுவிட்டால் தூணையே வெட்டித் திறக்க வேண்டிவரும். கீல் வேலையாகத் தொடங்கியது டிங்கரிங், பெயிண்டிங் வரை இழுத்துவிடும்.

டபிள்யூடி 40 ஈரத்தை விரட்டுவதற்காக உருவான திரவம். லேசாகச் சிக்கிய கீலுக்கு நல்லது. ஆண்டுக்கணக்கில் அசையாத கீலுக்கு அது மட்டும் போதாது. போதுகிற இடத்திலும் மெல்லிய படலத்தைத்தான் விட்டுச்செல்லும். கடலோரத்தில் சில வாரங்களில் கிறீச் சத்தம் திரும்பிவிடும்.

இறுகிய கீலுக்கு ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) அசிட்டோனும் சரிபாதி கலந்த கலவையே எங்கள் தேர்வு. ஒரு கதவுக்குத் தலா 50 மி.லி. தாராளம். இரண்டும் நிலையாகக் கலக்காது, ஒவ்வொரு முறையும் பாட்டிலைக் குலுக்க வேண்டும். அசிட்டோன் பெயிண்டைக் கரைக்கும். சுற்றிலும் டேப் ஒட்டி, துணி செருகிய பிறகே ஊற்றுங்கள்.

பின்னின் மேல்முனையைச் சுற்றிக் களிமண்ணால் சிறு வரம்பு கட்டி, அதற்குள் கலவையைத் தேக்கினால் வழிந்து வீணாகாமல் கீழே இறங்கும். காலையும் மாலையும் நிரப்பி, மூன்று நாள் விடுங்கள். ஒவ்வொரு முறையும் பித்தளை பஞ்ச்சை வைத்து இருபது முப்பது சிறு தட்டு. வேண்டியது அதிர்வு, பலம் அல்ல. பழைய கீல்களில் எண்ணெய்த் துளை இருந்தால், மறுபெயிண்ட் அடித்தவர்கள் அதைப் பெரும்பாலும் அடைத்திருப்பார்கள். ஊசியால் குத்தித் திறந்தால் பாதி வேலை முடிந்தது.

அசையத் தொடங்கியதும் வருகிற உற்சாகத்தில்தான் பலர் கெடுக்கிறார்கள். ஒரே பக்கமாகத் தள்ளினால் துருத்தூள் திரண்டு மறுபடி ஜாம் ஆகும். அரை அங்குலம் முன்னே, அரை அங்குலம் பின்னே, நடுவில் எண்ணெய். பழுப்புச் சேறு நின்று, தெளிந்த எண்ணெய் வழியும்வரை விடாதீர்கள்.

அப்படியும் மசியாவிட்டால் கீலைக் கழற்ற வேண்டும். முதலில் கீலின் விளிம்பைத் தூணில் கோடு கிழித்து அடையாளம் செய்யுங்கள். இல்லாவிட்டால் கதவு இடைவெளி பிறகு கூடிவராது. கதவுக்கு அடியில் பலகை வைத்து ஜாக் கொடுங்கள். ஸ்குரூ தலை வழுக்குமுன் சுத்தியால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரை எடுங்கள்.

சூடு காட்டுவது கழற்றிய கீலில் மட்டும். வண்டியில் வைத்துச் சூடேற்றினால் பெயிண்ட் கொப்பளிக்கும், தூணுக்குள் ஓடும் ஒயர் உருகும். அசிட்டோன் பட்ட கீலை நன்றாக உலர்த்திய பிறகே நெருப்பு. 10 மி.மீ. துளை 200 டிகிரி சூடேறினால் சுமார் 0.024 மி.மீ.தான் விரியும், துருவின் பிடியில் விரிசல் விட அது போதும். சூடாக இருக்கும்போதே மெழுகுவத்தியைத் தொட்டால் உருகிய மெழுகு உள்ளே ஊறும். ஒரு முனையில் பல்வரி (இறுகப் பிடிக்கும் வரிகள்) உள்ள பின் என்றால் எதிர்முனையிலிருந்துதான் தட்டி எடுக்க வேண்டும். திருப்பி அடித்தால் இன்னும் இறுகும்.

வெளியே எடுத்த பின்னில் குழி விழுந்திருந்தால் மெருகேற்றிப் பயனில்லை. லேத் பட்டறையில் இஎன்8 என்ற எஃகுக் கம்பியில் புதுப் பின்னும் கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்ஷும் கடையச் சொல்லுங்கள். ஸ்டெயின்லெஸ் பின் கேட்பவர்கள் உண்டு. சுற்றியிருக்கும் இரும்பு துருப்பிடித்து அந்தப் பின்னையும் நெரிக்கும்.

பூட்டும்போது மரைன் கிரீஸ் தடவுங்கள். படகு இன்ஜின் உதிரிக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். சாதா லித்தியம் கிரீஸ் அடைமழையில் சீக்கிரம் கழுவிப்போகிறது. இன்ஜின் ஆயில் வழிந்து, கடற்கரை மணலைப் பிடித்து, உப்புத்தாள் மாதிரி புஷ்ஷைத் தேய்க்கும். பூட்டிய கீலுக்குள் கிரீஸ் தானாக இறங்காது. ஆகவே ஐப்பசி மழைக்கு முன்பும் மார்கழி கழிந்த பின்பும் நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, பைக் செயின் லூப் ஸ்பிரே அடியுங்கள். ஊறி உள்ளே போய் அங்கேயே கெட்டிப்படும். வாட்டர் சர்வீஸில் விட்டால் பிரஷர் தண்ணீர்ப் பீச்சலைக் கீலுக்கு நேராகக் காட்ட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கிரீஸ் மொத்தமும் வெளியே வந்துவிடும்.