உள்ளே கறுக்கும் உருளைக்கிழங்கு: நான்கு ரகங்கள், என் மதிப்பீடு

தோலில் ஒரு கீறல் கூட இருக்காது. சீவினால் காம்புப் பக்கமாக, தோலுக்குச் சற்றுக் கீழே, நீலங்கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு தெரியும். ரகங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ருசியையும் மொறுமொறுப்பையும் சொல்கிறார்கள், இதை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் இதற்குத்தான் முதலில் மதிப்பெண் போடுகிறேன்.

ரேஞ்சர் ரஸெட் ஃப்ரைஸுக்கு அருமையான கிழங்கு. நீளமாக இருக்கும், மாவுத்தன்மை அதிகம், எண்ணெயும் அவ்வளவாகக் குடிக்காது. ஆனால் அடி தாங்காது! கீழே விழுந்தாலோ மூட்டையைத் தொப்பென்று போட்டாலோ உள்ளே செல்கள் உடைந்து, அதிலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம் ஒரு நொதியோடு கலந்து, கடைசியில் மெலனின் என்ற கரும் நிறமியாகிவிடுகிறது. இதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகும் என்பதால் வாங்கிய அன்றே வெட்டிப் பார்த்து நல்ல கிழங்கு என்று முடிவு செய்யாதீர்கள். பொதுவாகவே மாவுத்தன்மை கூடக்கூட, அடிபட்டு உள்ளே கறுக்கும் இந்தக் கன்றலும் கூடும். மாவு குறைந்த சிவப்புத்தோல் கிழங்குகள் இதில் எவ்வளவோ தேவலை, ஆனால் வறுத்தால் சீக்கிரம் தொளதொளத்துவிடும், குழம்புக்கு மட்டும் சரி.

ரஸெட் பர்பாங்க்கிலும் இந்தக் கன்றல் உண்டு, அதோடு நடுவில் பொந்து விழும் தொல்லை வேறு. செடிக்குத் தண்ணீர் ஏறுக்குமாறாகக் கிடைத்துக் கிழங்கு திடீரென்று பருத்தால் அப்படி ஆகும். யூகான் கோல்டிலும் பெரிய கிழங்குகளில் பொந்து இருக்கும், நடுத்தர அளவாகப் பார்த்து எடுங்கள். ருசிக்கு இந்த நான்கில் அதுதான் எனக்குப் பிடித்தது.

சிப்ஸுக்குப் பேர்போன அட்லாண்டிக்கில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் கையாண்டவர்களைத் திட்டாதீர்கள், அது மண் சூட்டில் வயலிலேயே வருவது.

2014இல் அமெரிக்க வேளாண் துறை அனுமதித்த இன்னேட் என்ற மரபணு மாற்றிய கிழங்கில், கறுக்க வைக்கும் அந்த நொதியை உண்டாக்கும் மரபணுவையே அடக்கியிருக்கிறார்கள். ரேஞ்சர், பர்பாங்க், அட்லாண்டிக் மூன்றிலும் அது வந்தது. சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார்கள் என்பேன்.

எந்த ரகமானாலும் குளிர்ந்திருக்கும்போது அடிபட்டால் கன்றல் அதிகம். குளிர்ச்சியான இடத்திலிருந்து எடுத்த மூட்டையை உடனே கொட்டாமல் கொஞ்ச நேரம் வெளியே வையுங்கள், கொட்டும்போதும் உயரத்திலிருந்து வேண்டாம்.

அப்புறம், வேகவைத்து ஆறியதும் சாம்பல் பூப்பது வேறு விஷயம். அது கிழங்கிலேயே உள்ள குளோரோஜெனிக் அமிலமும் இரும்பும் சேர்வதால் வருவது, வேகும் தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் குறையும். அடிபட்ட திட்டுக்கு அது உதவாது, வெட்டித்தான் எறிய வேண்டும்.